தாளா திரையா: சில்வர் பீச்சில் தீராத பஞ்சாயத்து

கடலூர் சில்வர் பீச்சில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் நாலைந்து பேர் கூடுவோம். எல்லாருக்கும் ஒரே கிறுக்கு, அறிவியல் புனைகதை. காலப் பயணம், ரோபோ, வேற்றுக்கிரகம் என்று ஆரம்பிக்கும் பேச்சு, சுண்டல் பொட்டலம் காலியாவதற்குள் ஈபுக்கா அச்சுப் புத்தகமா என்பதில் வந்து நின்றுவிடும். ஒளியைவிட வேகமாகப் போகிற கப்பலை மறுபேச்சில்லாமல் நம்புகிறவர்கள், ஈபுக் படிக்க அமேசான் விற்கும் கையளவு கிண்டிலை மட்டும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற சார் அச்சுக் கட்சிக்குத் தலைவர். சிப்காட்டில் வேலை பார்க்கும் நண்பன் எதிர்க்கட்சி. நான் இரண்டு பக்கமும் அடி வாங்கியவன்.

முதல் அடி 'தானே' என்ற புயலில். 2011 டிசம்பர் 30 காலையில் எங்கள் மாடி ஷீட் பறந்துபோய், அதற்குக் கீழே இரண்டு அட்டைப்பெட்டி நிறைய வைத்திருந்த நாவல்கள் ஊறிவிட்டன. வெயில் வந்ததும் பாய் விரித்து ஒவ்வொன்றாகக் காயவைத்தேன். சாணித்தாள் மாதிரி இருக்கிற மலிவுப் பதிப்புகள் அப்பளமாக வளைந்தாலும் பக்கம் பிரிந்தன. வழவழப்பான தாளில் அச்சடித்த விலை கூடிய புத்தகங்கள்தான் காய்ந்ததும் ஒட்டிக்கொண்டு செங்கல்லாகிவிட்டன. பார்க்க வந்த சார் ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஐயாயிரம் வருஷம் கழிச்சு நடக்குற கதையெல்லாம் படிக்கிறீங்க தம்பி, மழைக்கு ஒரு பாலித்தீன் கவர் போடத் தோணலையா" என்றார்.

அப்புறம் 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். அப்போது புதுச்சேரியில் வாடகை வீடு, தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் போய் எத்தனை மணி நேரம் ஆனது என்றே தெரியவில்லை, போனை அவசரத்துக்கு என்று அணைத்து வைத்தாயிற்று. கிண்டிலில் பாதி சார்ஜ் இருந்தது. இரண்டு ராத்திரியில் தடித்த விண்வெளி நாவல் ஒன்றை முடித்தேன், அப்போதும் சார்ஜ் மிச்சம். காரணம் எளிது. மின்மை என்று சொல்கிற அந்தத் திரையில் கண்ணுக்குத் தெரியாத குமிழிகளில் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் இருக்கின்றன, பக்கம் மாறும்போது மட்டும் மின்சாரம் அவற்றை மேலும் கீழும் நகர்த்துகிறது, நகர்ந்த பிறகு அவை அப்படியே நின்றுவிடும். எழுத்தை நிறுத்தி வைக்க மின்சாரம் வேண்டாம். முன்விளக்குக்குத்தான் கொஞ்சம் போகும். வெளியே இருந்து விழும் வெளிச்சத்தையே துகள்கள் திருப்பி அனுப்புவதால், பீச் வெயிலிலும் தாள் மாதிரியே தெளிவாகத் தெரிகிறது. போனில் படிப்பவர்கள் இதை ஈபுக் அனுபவம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம், அது வேறு, கண் எரிச்சல் வகை.

புயலை விட்டாலும் நம்ம ஊர் உப்புக்காற்றுக்குத் தாள் தாங்குவதில்லை. ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்கும், பசை விடும், ராமபாணப் பூச்சி ஒரு பக்கத்தில் நுழைந்து அடுத்த முப்பது பக்கத்துக்கு ஒரே நேர்க்கோட்டில் துளை போட்டு வெளியே வரும், விண்வெளியில் குறுக்கு வழியாகப் போகும் புழுத்துளைப் பயணம் என்று கதைகளில் வருவதை அலமாரியிலேயே பார்க்கலாம்.

விலையில் பெரிய சண்டை இல்லை, ஆங்கிலப் புத்தகம் என்றால் ஈபுக் மலிவு, ராத்திரி பதினொரு மணிக்கு ஆசை வந்தால் பதினொன்று ஐந்துக்குப் படிக்க ஆரம்பிக்கலாம். ஆனால் ஒரு வேடிக்கை உண்டு: அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஈபுக்குக்கு உண்டு. 2018இல் 18 சதவீதத்தை 5 ஆகக் குறைத்தார்கள், அதுவும் அச்சுப் பதிப்பு இருக்கிற ஈபுக்குக்கு மட்டும்.

இதில் தமிழ் தனிக் கதை. கிண்டிலில் தமிழ் நூல்கள் முறையாக வந்ததே 2016 கடைசியில்தான். அதற்குப் பிறகு பதிப்பாளர் வாசலில் நிற்காமல் நேரடியாக ஈபுக் போடுகிற புதியவர்கள் வந்தார்கள், ராக்கெட்டும் செயற்கை நுண்ணறிவும் வைத்துக் கதை எழுதுகிறவர்களுக்கு இது பெரிய திறப்பு. பழசைத் தேடினால்தான் சிக்கல். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கியதால் சங்கப் பாட்டு இலவசமாகக் கிடைக்கிறது, 1980களில் மாத நாவலாக வந்த செவ்வாய்க் கிரகக் கதை கிடைக்காது. எழுதியவர் இறந்து 60 ஆண்டு காப்புரிமை என்பது சட்டம். 1990இல் இறந்தவருடைய கதை பொதுவுக்கு வர 2051 ஆக வேண்டும், அந்தக் கதையே அந்த வருடத்தில்தான் நடக்கும் போலிருக்கிறது. யாராவது ஸ்கேன் செய்து போட்ட பிடிஎஃப் கிடைத்தால் ஆறு அங்குலத் திரையில் எழுத்து எறும்பு மாதிரி தெரியும். கணினி படித்துத் தட்டச்சாக்கிய பிரதி இன்னும் மோசம், ரகரமும் துணைக்காலும் இடம் மாறி, 'மரம்' இருக்க வேண்டிய இடத்தில் 'மாம்' இருக்கும்.

ஒரு வாரம் நண்பன் 'தி மார்ஷியன்' எழுதிய ஆண்டி வெயரை இழுத்தான். செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்டவன் கதையை அவர் தன் தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகப் போட்டார், வாசகர்கள் கேட்டதால் 2011இல் 99 சென்ட்டுக்குக் கிண்டிலில் ஏற்றினார், பெரிய பதிப்பகத்தின் அச்சுப் புத்தகம் வந்தது 2014இல். "ஈபுக் இல்லைன்னா அந்தக் கதை அவர் கணினிலயே செத்திருக்கும் சார்." சார் விடவில்லை, ரே பிராட்பரியை இறக்கினார். புத்தகங்களை எரிக்கும் எதிர்காலத்தை 'ஃபாரன்ஹீட் 451' நாவலில் எழுதிய மனிதர், அந்த நாவலை ஈபுக் ஆக்கப் பல காலம் ஒப்பவில்லை, 2011இல் 91 வயதில்தான் இறங்கி வந்தார். கையோடு சார் 2009 ஜூலை விவகாரத்தையும் போட்டார். விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டிலில் இருந்து அமேசான் நூலை அழித்தது, பணத்தைத் திருப்பித் தந்தது. அழிந்தவற்றில் ஒன்று எது தெரியுமா, பழைய பதிவுகளை அரசாங்கமே அழிக்கும் கதையான ஆர்வெல்லின் '1984'. எந்தக் கதாசிரியரும் இதை எழுதியிருந்தால் ஓவர் என்று சொல்லியிருப்போம்.

இந்த இடத்தில் நான் சார் பக்கம். எனக்கே ஒரு செயலியில் காசு கொடுத்து வாங்கிய முப்பது சொச்சம் கதைகள், செயலியை மூடியபோது கூடவே போயின. புயலாவது செங்கல்லாகத் திருப்பிக் கொடுத்தது.

அதைவிடப் பெரிய குறை, ஈபுக்கைக் கைமாற்ற முடியாது. நாங்கள் கூட்டாளியானதே ஒரு புத்தகத்தால்தான்: கடலூரில் இருந்து புதுச்சேரி பஸ்ஸில் நான் படித்துக்கொண்டிருந்ததன் அட்டையைப் பார்த்து, பக்கத்து சீட்டில் இருந்த சார், "இதோட முதல் பாகம் என்கிட்ட இருக்கு, வேணுமா?" என்றார். கிண்டிலைப் பார்த்து யார் என்ன கேட்பார்கள்? பரீட்சைக்குப் படிக்கிறான் என்று நினைப்பார்கள். நீளமான ஆங்கிலத் தொடர்களை நான் திரையில்தான் படிக்கிறேன், இனிமேலும் அப்படித்தான். இன்னொருத்தருக்கு இந்தக் கிறுக்கைப் பிடிக்க வைக்க நினைத்தால் மட்டும் தாளை வாங்குகிறேன், திரும்பி வராது என்று தெரிந்தே.

போன மாதம் புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில், காந்தி வீதியில், வார இதழில் இருந்து கிழித்துப் பைண்டு செய்த ஒரு பழைய விண்வெளித் தொடர்கதை கிடைத்தது. காலிகோ அட்டை, ஓரத்தில் ஜோக்கும் பற்பொடி விளம்பரமும் அப்படியே. நடுவில் ஓர் அத்தியாயம் இல்லை; அந்த இடத்தில் வெள்ளைத்தாள் வைத்து நீல மையில் "இந்த வாரம் புத்தகம் வரவில்லை, எதிர்வீட்டிலும் இல்லை" என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள். சாருக்குக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் முடித்துவிட்டுப் பீச்சுக்கு வந்தவர் நேராக நண்பனிடம் போனார். கடைசி இரண்டு வாரமும் பைண்டில் இல்லையாம்.

"அந்த முடிவை மட்டும் உங்க மிஷின்ல காட்டுங்க தம்பி."

நண்பன் தேடி எடுத்து நீட்டினான். சார் சட்டைப்பையில் கண்ணாடியைத் துழாவினார்.

"கண்ணாடி வேணாம் சார், எழுத்தைப் பெருசாக்கித் தரேன்."