ரெய்ஷி கேப்சூல்: மூன்று டப்பா முடித்த பிறகு

போன நவம்பரில் டெங்கு வந்து போனது. பொங்கல் முடிந்ததும் முடி கொட்ட ஆரம்பித்தது. தலைக்குக் குளித்தால் தண்ணீர் போகும் ஓட்டையே அடைத்துக்கொள்ளும். "அண்ணி, இதைச் சாப்பிட்டுப் பாருங்க" என்று நாத்தனார் வாங்கித் தந்ததுதான் இந்த ரெய்ஷிக் காளான் கேப்சூல். 60 கேப்சூல் 1,150 ரூபாய். காலை ஒன்று, இரவு ஒன்று.

ரெய்ஷி மரக்கட்டை மாதிரி இருக்கும். குழம்புக்கு ஆகாது, சீனாவிலும் ஜப்பானிலும் கொதிக்க வைத்துக் குடிப்பார்கள். கடும் கசப்பு. அந்தக் கசப்பைத் தரும் டிரைடெர்பீன்களைத்தான் அதன் மருந்துச் சத்து என்கிறார்கள். நான் ஒரு கேப்சூலைப் பிரித்து நாக்கில் வைத்தேன். சத்துமாவு ருசிதான் வந்தது.

பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் நான். பொடியைக் கொதிக்க வைத்து, ஆறியதும் இரண்டு சொட்டு அயோடின் விட்டேன். கருநீலம்! மாவுச்சத்து. காளானில் அது கிடையாது. தானியத்தில் காளான் இழையை வளர்த்து, தானியத்தோடு சேர்த்து அரைத்தால் இப்படித்தான் வரும். லேபிளிலும் 'மைசீலியம்', அதாவது காளான் இழை, என்று பொடி எழுத்தில் இருந்தது. வாங்குகிறவர்கள் 'ஃப்ரூட்டிங் பாடி' (முழுசாக வளர்ந்த காளான்) என்று போட்டிருக்கிறதா, காளானில் இருக்கும் நார்ச்சத்தான பீட்டா குளுக்கான் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். வெறும் 'பாலிசாக்கரைடு' (பல சர்க்கரைகள் கோத்த சத்து) கணக்கில் மாவுச்சத்தும் அடங்கிவிடும்.

கூட வந்த தாளில் ஜப்பான் ஆராய்ச்சி என்று இருந்தது. தேடிப் படித்தேன். 2005இல் வெளியானது. ரெய்ஷிச் சாறு 5-ஆல்பா ரிடக்டேஸ் நொதியைத் தடுத்தது உண்மை. ஆண்களின் வழுக்கையில் அந்த நொதிக்குப் பங்கு உண்டு. ஆனால் அவர்கள் பார்த்தது எலிகளின் புரோஸ்டேட் சுரப்பியை. தலைமுடியை அல்ல.

சரி, எனக்கு முடி நின்றதா? மூன்றாவது டப்பாவில் நன்றாகவே குறைந்தது. நெற்றியோரம் குட்டி முடிகூட முளைத்திருக்கிறது. ஆனால் கேப்சூலால்தான் என்று என்னால் சொல்ல முடியாது. கடும் காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படிக் கொட்டும், பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாக நிற்கும் என்று தோல் டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தத்தில் 11தான், ரொம்பக் குறைவாக, இருந்ததால் இரும்பு மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதன் விலை இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

நாலாவது டப்பாவை நாத்தனார் என் மாமனாருக்கென்று கொண்டுவந்தாள். அவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர். ரெய்ஷியும் சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம். டாக்டரைக் கேட்காமல் தரவே கூடாது என்று சொல்லி, பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.