கிலோமீட்டர் கிளைம் ஆப்: மூன்று வருஷம் ஓட்டிய பிறகு

போன வாரம் பழைய சகா ஒருத்தன் கேட்டான்: "மச்சான், நீங்க கிலோமீட்டர் கிளைம் போடுற ஆப்பு எங்க கம்பெனிக்கும் வருதாம். எப்படிடா இருக்கு?" வாட்ஸ்அப்பில் மூன்று தடவை டைப் செய்து மூன்று தடவையும் அழித்தேன். ஒவ்வொரு தடவையும் வசவாகவே வந்தது. நிதானமாக எழுதிப் பார்க்கலாம் என்று இங்கே.

நான் தராசு சர்வீஸ் ஆள். பெங்களூரில் பீன்யா, பொம்மசந்திரா, ஜிகணி என்று ஃபாக்டரி ஃபாக்டரியாகப் போய் தராசும் எடைமேடையும் சரிபார்ப்பது வேலை. டிக்கியில் 20 கிலோ எடைக்கற்கள் எப்போதும் கிடக்கும். பைக் சரிப்படாது, சொந்த வேகன்-ஆர்தான். கம்பெனி வேலையாக ஓடும் கிலோமீட்டருக்கு 9 ரூபாய் தருகிறது, அந்தக் கணக்கைப் போடுவதுதான் இந்த ஆப். வீட்டிலிருந்து ஆபீஸ் போவதற்குக் காசு கிடையாது. அதில் எனக்குக் கோபமில்லை. 2024 ஜூனில் கர்நாடக அரசு விற்பனை வரியை ஏற்றி பெட்ரோல் லிட்டருக்கு 3 ரூபாய் கூடியதே, அன்றும் இந்த 9 அசையவில்லை. அதையும் விட்டுவிடுகிறேன்.

விட முடியாதது ஒன்றுதான். ஆப், வண்டி ஓடிய தூரத்தை எடுத்துக்கொள்வதில்லை. புறப்பட்ட இடம், போய்ச் சேர்ந்த இடம் இரண்டையும் மேப்பில் குத்தி, நடுவில் எது குறைந்த தூரமோ அதைக் கணக்கில் போடுகிறது.

பொம்மசந்திராவில் ஒரு ஃபாக்டரி. மேப்பில் குத்திய புள்ளி ஓசூர் ரோட்டை ஒட்டிய முன்பக்க கேட். அது டைரக்டர் கார் வந்தால் மட்டும் திறக்கும். எடைக்கற்களோடு போகிறவனுக்குப் பின்பக்க கேட். அதற்குத் தாண்டிப் போய் யூ-டர்ன் அடித்து, லாரிகள் நிற்கும் சந்துக்குள் ஊர்ந்து வர வேண்டும். ஓடோமீட்டர் 38.2. ஆப் 36.4. வித்தியாசம் 1.8 கிலோமீட்டர், 16 ரூபாய். பை-டூ காபியில் என் பாதிகூட அதில் வருமோ என்னவோ. ஆனால் நாள் முழுக்க அடுத்தவன் தராசில் கிராம் கணக்குப் பார்த்து, ஒரு கோடு தள்ளினாலும் முத்திரை கிடையாது என்கிறவன் நான். இந்த ஊரில் ஆட்டோ மீட்டருக்குக்கூட எடையளவுத் துறை முத்திரை வேண்டும். என் பையில் கை வைக்கும் இந்த மீட்டரை யார் சரிபார்த்தார்கள்?

தூரம் கூடினால் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. 40 எழுத்துக்கு மேல் ஏறாது. "பின்பக்க கேட், யூ-டர்ன்" என்று எழுதினேன். திரும்பி வந்தது: "காரணம் தெளிவாக இல்லை."

இனி நியாயம் பேச வேண்டும். மாதம் 110 கிலோமீட்டர் ஆப்பில் குறைகிறது என்று, ஓடோமீட்டர் கணக்கு எழுதிய நோட்டை மேனேஜரிடம் காட்டிச் சண்டை போட்டேன். அவர் அமைதியாக, "உங்க டயர் மாத்தி எத்தனை நாளாச்சு?" என்றார். தேய்ந்த டயர் ஒரு சுற்றில் கொஞ்சம் குறைவாக நகரும். அதே தூரத்துக்குச் சுற்று கூடும், ஓடோமீட்டரும் கூட்டிச் சொல்லும். தராசுக்காரனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா! நாலும் மாற்றி அதே பொம்மசந்திரா போனேன். 37.6. மாதக் கணக்கு 110-லிருந்து 85-ஆக இறங்கியது. அந்த 25-க்கு நான் வாய் திறக்க முடியாது. மீதி 85 என்னுடையது.

இந்த ஆப்பால் எனக்கு எதிர்பாராத ஒரு லாபமும் உண்டு. முன்பு பெட்ரோல் பில்களைப் பின் அடித்துக் கொடுப்போம். தேதி உண்டு, எங்கே போனேன் என்பது இல்லை. பேரோலில் அதைச் சொந்தமும் ஆபீசும் கலந்த ஓட்டம் என்று எடுத்துக்கொண்டார்கள். சொந்த வண்டி, 1.6 லிட்டருக்குள் எஞ்சின், கலந்த உபயோகம் என்றால் மாதம் 1,800 ரூபாய் கழித்து மீதியெல்லாம் சம்பளத்தோடு சேர்ந்தது (அப்போது இதுதான் கணக்கு). எனக்கு மாதம் 1,450 கிலோமீட்டர், 13,050 ரூபாய். 11,250-க்கு வரி. பழைய வரி முறையில் 20 சதவீத அடுக்கில் செஸ்ஸோடு வருஷத்துக்கு 28,080. என் சொந்தக் காரில் கம்பெனி வேலைக்கு ஓடி, பெட்ரோலுக்கு வாங்கிய காசுக்கு வரி!

முழுக்க ஆபீஸ் ஓட்டம் என்றால் ஒரு பைசா வரி இல்லை. ஆனால் தேதி, இடம், கிலோமீட்டர், செலவு எல்லாம் பதிவில் இருக்க வேண்டும், கம்பெனியின் சான்றும் வேண்டும். ஆப் மாதக் கடைசியில் இதையெல்லாம் ஒரே பிடிஎஃப்பாகத் துப்புகிறது, மேனேஜர் ஒப்புதலோடு. ஆப் வந்த வருஷமே, சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் ஃபார்ம் 16-ல் அந்தத் தொகை காணாமல் போயிற்று. இரண்டு தடவை புரட்டிப் பார்த்தேன்.

மச்சினர் சொந்தமாக ஏசி சர்வீஸ் பார்க்கிறார், இந்த ஆப்பை இறக்கட்டுமா என்றார். அவர் வரிக்கு, விற்றுமுதலில் ஒரு சதவீதத்தையே லாபமாகக் காட்டுகிறவர். பெட்ரோல் செலவெல்லாம் அதற்குள்ளேயே அடக்கம், தனியாகக் கழிக்க முடியாது. வேண்டாம் என்றேன். நியூஜெர்சித் தம்பி, அங்கே அரசாங்கமே மைலுக்கு ரேட் அறிவிக்கும், 2025-க்கு 70 சென்ட் என்று அளந்தான். சம்பளக்காரர்கள் அதை வரியில் கழிப்பது 2018-லேயே போய்விட்டது என்றேன். பேச்சை மாற்றினான்.

கூட்டிக் கழித்தால் ஆப் எனக்கு வருஷம் 9,180 குறைக்கிறது, அன்றைய வரிக் கணக்கில் 28,080 மிச்சம் பிடிக்கிறது. கணக்குப்படி நான் அதற்குக் கற்பூரம் காட்ட வேண்டும். ஆனாலும் சகாவுக்கு என் பதில்: வேண்டாம்னு சொல்லுடா. முடிந்தவரை இழுத்தடி. அந்த நாலு விவரத்தையும் நோட்டில் எழுதிக் கொடுத்து கம்பெனியின் சான்று வாங்கினாலும் வரி கணக்குக்கு ஆகும்.

நேற்று ஜிகணி. ஓடோமீட்டர் 41.3, ஆப் 39.9. காரணக் கட்டத்தில் "புது டயர்" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். இன்னும் பெண்டிங்கில் இருக்கிறது.