சிட்ரோயன் டீசலா, பெஜோ பெட்ரோலா: நாமே கைவைக்க எது தோது?

பிரெஞ்சுக் கார் வாங்கப்போகிறேன் என்று கோப்பிக் கடையில் வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், ஆளுக்கொரு கதை வரும். வயரிங் கோளாறு, உதிரிப்பாகம் கிடைக்காது, விற்கப்போனால் அடிமாட்டு விலை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நான்கு ஆண்டுகளுக்கு முன் பழைய சிட்ரோயன் கிராண்ட் சி4 பிக்காசோ ஒன்றை வாங்கினேன். 2017-இல் பதிவான வண்டி, 1.6 புளூஎச்டிஐ டீசல், ஏழு இருக்கை. மறு வருடம் என் மச்சான் பெஜோ 5008 வாங்கினான், 1.2 பியூர்டெக் பெட்ரோல். இரண்டுக்கும் பானெட்டைத் திறந்து மூடுகிறவன் நான்தான். என் சாய்வு சிட்ரோயன் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பார்த்தாலே தெரிகிற சங்கதிகளை வேகமாகத் தாண்டிவிடலாம். 5008 அழகு. பிக்காசோ கோழிமுட்டைக்குச் சக்கரம் மாட்டியதுபோல் இருக்கும், ஆனால் முன்கண்ணாடி கூரைவரை ஏறுவதால் உள்ளே வெளிச்சம் கொட்டும். மூன்றாவது வரிசையில் இரண்டிலுமே பிள்ளைகள்தான் உட்கார முடியும். கியர்பாக்ஸ் இரண்டிலும் ஜப்பானின் ஐசின் செய்தது, அதில் சண்டை இல்லை. டீசலுக்குச் சாலை வரி கூடுதல், ஆனால் ஒரு டாங்க் வெகுதூரம் ஓடும். விற்கப்போனால் 5008-தான் முந்தும். 2025 ஜனவரி 1 முதல் புதிய டீசல் காரை சிங்கப்பூரில் பதிவு செய்ய முடியாது என்றான பிறகு, பழைய டீசலைப் பார்த்தும் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ரெனோ கிராண்ட் சீனிக்கையும் போய்ப் பார்த்தேன். அதன் 1.5 டிசிஐ என்ஜின் நிசான், மெர்சிடிஸ் கார்களிலும் ஓடிய கெட்டிக்கார டீசல். ஆனால் அந்தத் தலைமுறை சீனிக்கில் எல்லா வண்டிக்கும் 20 அங்குலச் சக்கரம், டயர் அளவு 195/55 ஆர்20. அகலம் ஒல்லி, வட்டம் பெரிது. டயர்க் கடையில் கேட்டால் "ஆர்டர் போட்டுத்தான் எடுக்கணும்" என்றார்கள். அதோடு திரும்பிவிட்டேன். ஓட்டிப் பழகாத வண்டியைப் பற்றி இதற்கு மேல் பேசுவது நியாயமில்லை.

சரி, நாமே செய்வது என்றால் சிங்கப்பூரில் எதுவரை? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார்நிறுத்தம் பட்டறை இல்லை. அங்கே ஜாக்கி போட்டுத் தூக்கி ஆயில் இறக்குகிற வேலைக்கெல்லாம் போகக் கூடாது. சிந்தினால் அது வடிகால் வழியாக நீர்த்தேக்கம்வரை போகும். அங்கே நான் செய்வது ஏர் ஃபில்டர், கேபின் ஃபில்டர், வைப்பர், பல்பு, அப்புறம் வண்டியின் கணினியோடு பேசும் ஓபிடி கருவியைச் செருகிக் கோளாறு எண்ணைப் படிப்பது. ஆயில் மாற்றும் வேலையெல்லாம் எல்லைக்கு அந்தப்பக்கம் ஜோகூர் ஸ்கூடாயில் சித்தப்பா வீட்டு முன்கூரைக்குக் கீழேதான். பள்ளி விடுமுறைக்குப் போகும்போது ஆயில் கேனும் ஃபில்டரும் கூடவே ஏறிவிடும். பழைய ஆயிலைப் பக்கத்துப் பட்டறைக்காரர் வாங்கிக்கொள்வார்.

பிக்காசோவில் ஆயில் மாற்றுவது சுலபம். நாலு லிட்டருக்குள்தான் பிடிக்கும். ஃபில்டர் மூடியைக் கழற்ற 27 மில்லிமீட்டர் சாக்கெட் போதும். முதல் தடவை அந்த மூடியின் ரப்பர் வளையத்தைத் தப்பான பள்ளத்தில் மாட்டிவிட்டேன். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது ஆயில் கருகும் வாசனை வந்தது. பின்சீட்டில் மாமியார். அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை இரண்டு வண்டிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. என்னைப் பொறுத்தவரை தீர்ப்பு டைமிங் பெல்ட்டில், அதாவது என்ஜினின் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் அசையவைக்கும் ரப்பர் வாரில் இருக்கிறது. பிக்காசோ டீசலில் அது என்ஜினுக்கு வெளியே, பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால், காய்ந்த இடத்தில் ஓடுகிறது. 1.2 பியூர்டெக்கில் அதே பெல்ட் என்ஜினுக்குள், ஆயிலில் நனைந்தபடி ஓடுகிறது. உராய்வு குறையும், சத்தம் குறையும் என்பது செய்தவர்கள் கணக்கு. 2015 முதல் 2018 வரை தொடர்ந்து நான்கு ஆண்டு தன் பிரிவில் ஆண்டின் சிறந்த என்ஜின் என்று அனைத்துலக விருது வாங்கிய என்ஜின் இது. ஓட்டிப் பார்த்தால் மூன்று சிலிண்டர் என்று நம்ப முடியாது.

வினை எங்கே வருகிறது என்றால், என்ஜின் சூடாகும் முன்பே அணைத்துவிடுகிற குட்டிப் பயணங்களில் எரியாத பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலில் கலக்கிறது. பெட்ரோல் கலந்த ஆயிலில் ஊறிய ரப்பர் உப்புகிறது, வெடிக்கிறது, துகள் துகளாக உதிர்கிறது. துகள்கள் அடியில் ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கின்றன. ஆயில் அழுத்தம் விழுந்தால் என்ஜின் போச்சு. பிரேக்குக்கு உதவும் வேக்யூம் பம்புக்கும் அதே ஆயில் போவதால், பிரேக் மிதி கல்லாக இறுகவும் கூடும். முதலில் பெல்ட்டுக்கு 10 ஆண்டு ஆயுள் சொன்னார்கள், பிறகு 6 ஆண்டு அல்லது சுமார் 1,00,000 கிலோமீட்டர் என்று குறைத்தார்கள். 2024-இல் ஐரோப்பாவில் இந்தக் கோளாறுக்கான உத்தரவாதத்தை 10 ஆண்டு அல்லது 1,75,000 கிலோமீட்டர் என்று பெஜோ, சிட்ரோயனின் தாய் நிறுவனமான ஸ்டெல்லாண்டிஸ் நீட்டியது. புதிய ஹைப்ரிட் வகையில் பெல்ட்டையே தூக்கிவிட்டுச் செயின் போட்டுவிட்டார்கள். இதைவிடத் தெளிவான ஒப்புதல் வேண்டுமா?

போன வருடம் ஒரு ராத்திரி, தெம்பனிஸில் மச்சான் வீட்டுக் கார்நிறுத்தம், நாலாவது தளம். "மாமா, ஆயில் மூடியத் திறந்தா பெல்ட் தெரியுமாமே, ஒரு தடவ பாத்துச் சொல்லுங்களேன்" என்று கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூடிக்கு நேர் கீழே பெல்ட்டின் முதுகு தெரிந்தது. வெயிலில் கிடந்த பழைய செருப்பின் அடிபோல் குறுக்கும் நெடுக்குமாக நரம்பு விட்டிருந்தது. பஞ்சு சுற்றிய குச்சியால் ஓரத்தைத் தொட்டேன். கோப்பித்தூள்போல் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மறுநாள் பிரெஞ்சுக் கார்களைப் பார்க்கிற ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். அந்தத் துளை வழியாகவே பெல்ட்டின் அகலத்தை அளக்க ஓர் அளவுக்கட்டை இருக்கிறது. நல்ல பெல்ட் அதற்குள் அடங்கும், இது அடங்கவில்லை, உப்பியிருந்தது. என்ஜின் அடியில் ஆயில் தேங்கும் அடித்தொட்டியைக் கழற்றினால் சல்லடையில் பாதி அடைப்பு. பழைய ரசீதுகளைப் புரட்டியதில் காரணமும் ஓரளவு புரிந்தது. முந்தைய உரிமையாளர் மலிவான இடம் ஒன்றில் 10டபிள்யூ-40 ஆயில் ஊற்றியிருக்கிறார். இந்த என்ஜினுக்கு பி71 2312 தரத்தில் 0டபிள்யூ-30 ஊற்ற வேண்டும். ஆயில் கேனின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த எண்ணைப் படிப்பதுதான் 5008 வைத்திருப்பவர் வீட்டிலேயே செய்யக்கூடிய மிக முக்கியமான பராமரிப்பு என்பேன்.

பெல்ட்டை மாற்றுவதோ வீட்டு வேலை இல்லை. பெல்ட் இணைக்கிற இரண்டு தண்டுகளான கிராங்க்கையும் கேமையும் பூட்டிவைக்கத் தனிக் கருவி வேண்டும், அடித்தொட்டியை இறக்கிச் சல்லடையைக் கழுவ வேண்டும். நாம் செய்யக்கூடியது சரியான ஆயில், வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பது. மச்சான் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் பரீட்சை முடிவைப் பார்ப்பவன்போல்தான் குனிகிறான்.

என் வண்டியில் ஆயில் மாற்றக் கொஞ்சம் தாமதித்தால் என்ஜினுக்கு நல்லதில்லைதான், பெல்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. அதன் ஆயுள் 10 ஆண்டு என்கிற கணக்கு, கிலோமீட்டர் வரம்பு தனி. சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்றிதழான சிஓஇ-யும் 10 ஆண்டு. இந்த ஊருக்கென்றே அளந்து வைத்ததுபோல் இல்லையா? அந்த வரம்பைத் தாண்டாமல் ஓட்டி, சிஓஇ முடிந்து வண்டியை ஒப்படைப்பவர் பெல்ட்டைத் தொடவே வேண்டியதில்லை.

டீசல் சாது என்று சொல்ல வரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் திரையில் மாசுக்கட்டுப்பாட்டுக் கோளாறு, இன்னும் 1,100 கிலோமீட்டரில் என்ஜின் கிளம்பாது என்று எச்சரிக்கை வந்தது. கருவியைச் செருகினால் பி20இ8, அதாவது டீசல் புகையைச் சுத்தப்படுத்தத் தனித் தொட்டியில் ஊற்றும் ஆட்புளூ திரவத்தின் அழுத்தம் போதவில்லை. பம்ப் தொட்டியோடு சேர்ந்தே வரும், தனியாகக் கழற்ற வழியில்லை. முழுத் தொட்டியையும் பட்டறையில் மாற்றியதில் ஆயிரம் வெள்ளிக்கு மேல் கரைந்தது. அதிலிருந்து ஆட்புளூவைச் சின்னக் கேனாகத்தான் வாங்குகிறேன். 25 டிகிரியில் 18 மாதம் தாங்கும் திரவம் 35 டிகிரியில் 6 மாதம்தான் தாங்கும். நம் வீட்டுச் சாமான் அறையின் சூட்டில் பெரிய கேனை வாங்கிச் சேமிப்பது வீண். ஊற்றும்போது சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுத் துடைக்க வேண்டும், காய்ந்தால் உப்புப் பூத்துவிடும்.

இன்னொன்று புகை வடிகட்டி. நான் யீஷூனிலிருந்து துவாஸுக்குத் தினமும் விரைவுச்சாலையில் போகிறவன், சேர்ந்த கரியை வண்டி வழியிலேயே எரித்துக்கொள்கிறது. வண்டியை நிறுத்திய பிறகும் ஃபேன் உறுமினால் எரிப்பு பாதியில் நின்றது என்று புரிந்துகொண்டு, மறுநாள் கொஞ்சம் சுற்றிப் போவேன். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு ஈரச்சந்தைக்குப் போய்த் திரும்புவதுதான் மொத்த ஓட்டம் என்றால் இந்த டீசல் வேண்டாம். அந்த ஓட்டம் பியூர்டெக் பெல்ட்டுக்கும் ஆகாது. அப்படிப்பட்டவர் ஏதாவது ஜப்பானிய ஹைப்ரிட்டைப் பார்த்துக்கொள்ளட்டும்.

5008-தான் வேண்டும் என்று மனதில் பதிந்துவிட்டதா? பார்க்கப் போகும்போது கைப்பேசியில் சார்ஜ் இருக்கட்டும். விற்பவர் முன்னாலேயே ஆயில் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பெல்ட் மாற்றியாகிவிட்டது என்றால் ரசீதைக் கேளுங்கள், அதில் சல்லடை கழுவியதும் இருக்கிறதா என்று பாருங்கள். மச்சான் வண்டி புதுப் பெல்ட்டோடு இப்போது நன்றாகத்தான் ஓடுகிறது, விற்கும் எண்ணமும் அவனுக்கு இல்லை.

என் சிஓஇ 2027-இல் முடிகிறது, பெல்ட்டின் 10 ஆண்டும் அதே வருடம்தான். புதுப்பித்தால் பெல்ட்டும் தண்ணீர் பம்பும் சேர்த்து மாற்ற வேண்டும், அதைப் பட்டறையில்தான் கொடுப்பேன். சித்தப்பா மட்டும் இப்போதே "ஏன்டா, அதையும் இங்கேயே செஞ்சிடலாமே" என்கிறார்.