எமிரேட்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்: எகானமி வகுப்பில் எது வசதி?

நீண்ட தூரப் பயணத்துக்கு டிக்கெட் பார்க்கும்போது எமிரேட்ஸா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸா என்ற கேள்வி பலருக்கும் எழுகிறது. ஒன்று துபாயையும் மற்றொன்று சிங்கப்பூரையும் மையமாகக் கொண்டு, உலகின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒரே இடத்தில் விமானம் மாற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. இரண்டுக்கும் நல்ல பெயர் உண்டு. ஆனால் எகானமி வகுப்பில் பதினான்கு மணி நேரம் உட்காரப் போகிறவர் நிறுவனத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன், முன்பதிவுப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் விமான வகையைப் பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அந்த ஒரு வரியைப் பார்க்காமல் இவ்விரண்டில் எது மேல் என்று யார் சொன்னாலும் அது பாதி விடைதான்.

இரு நிறுவனங்களும் இயக்கும் போயிங் 777-300இஆர் விமானத்தை எடுத்துக்கொண்டால் இது தெளிவாக விளங்கும். அதன் உட்புற அகலம் சுமார் 5.86 மீட்டர், யார் வாங்கினாலும் அந்த அகலம் மாறாது. அதற்குள் எமிரேட்ஸ் ஒரு வரிசைக்கு 3-4-3 என்று பத்து இருக்கைகளையும், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 3-3-3 என்று ஒன்பது இருக்கைகளையும் வைத்திருக்கின்றன. பத்து வைக்கும்போது ஓர் இருக்கையின் அகலம் சுமார் 17 அங்குலமாகக் குறைகிறது. ஒன்பது வைத்தால் 18 அங்குலத்தைத் தாண்டுகிறது. காகிதத்தில் ஓர் அங்குலச் சொச்சம்தானே என்று தோன்றும். உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். பத்துப் பேர் வரிசையின் நடு இருக்கையில் இருப்பவர், உணவுத் தட்டின் மூடியைப் பிரிக்க இரு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு மணிக்கட்டை மட்டுமே அசைக்க வேண்டியிருக்கிறது. பக்கத்தில் இருப்பவரும் அதே நேரத்தில் அதையே செய்வதால், ஒருவர் குடித்து முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கிறார். நடைபாதையும் ஒடுங்கிவிடுவதால், ஓர இருக்கையில் தோளைச் சற்று வெளியே தள்ளித் தூங்குகிறவரை ஒவ்வொரு முறை தள்ளுவண்டி கடக்கும்போதும் அது உரசி எழுப்புகிறது.

இருக்கைகளின் எண்ணிக்கையும் இதையே சொல்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 777-300இஆர் விமானத்தில் மொத்தம் 264 இருக்கைகள். அவற்றில் எகானமி 184. எமிரேட்ஸின் மூன்று வகுப்பு 777-300இஆர் விமானத்திலோ எகானமியில் மட்டும் 300க்கும் மேற்பட்டவர்கள் அமர்கிறார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 28 இருக்கைகள் கொண்ட பிரீமியம் எகானமிக்கும் விசாலமான பிசினஸ் வகுப்புக்கும் இடம் ஒதுக்கியிருப்பது இதற்கு ஒரு காரணம் என்றாலும், விமானம் ஏறுவதற்கும், சாப்பாடு வந்து சேர்வதற்கும், காலையில் கழிவறை வாசலில் நிற்பதற்கும் ஆகும் நேரத்தில் இந்த வேறுபாட்டைப் பயணி நேரடியாக உணர்கிறார். 777 என்று வந்துவிட்டால் நான் தயங்காமல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸையே சொல்வேன்.

இரண்டு தளங்கள் கொண்ட ஏர்பஸ் ஏ380 என்று வந்தால் கணக்கு மாறுகிறது. அந்த விமானத்தை உலகிலேயே அதிக எண்ணிக்கையில் வைத்திருக்கும் நிறுவனம் எமிரேட்ஸ். 2007 அக்டோபரில் அதை முதன்முதலாகப் பயணிகள் சேவையில் இறக்கியது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். கீழ்த்தளத்தில் இரண்டுமே 3-4-3 என்று பத்து இருக்கைகளைத்தான் வைத்திருக்கின்றன. ஆனால் அந்தத் தளத்தின் உட்புற அகலம் ஏறக்குறைய 6.5 மீட்டர் என்பதால் பத்துப் பேர் உட்கார்ந்தும் ஒவ்வொருவருக்கும் சுமார் 18 அங்குலம் கிடைக்கிறது. இயந்திர இரைச்சலும் 777ஐவிடக் குறைவு. ஆகவே எமிரேட்ஸின் 777க்கும் ஏ380க்கும் இடையே உள்ள தூரம், எமிரேட்ஸின் ஏ380க்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏ380க்கும் இடையே உள்ள தூரத்தைவிட அதிகம். ஒரே ஊருக்கு எமிரேட்ஸ் இருவகை விமானங்களையும் இயக்குகிறது என்றால், நேரம் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் ஏ380 புறப்படும் வேளையையே தேர்ந்தெடுக்கலாம்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நீண்ட தூரச் சேவையில் முக்கியப் பங்கு வகிப்பது ஏர்பஸ் ஏ350-900. அதில் 3-3-3 அமைப்பு. இருக்கை அகலம் சுமார் 18 அங்குலம். அதைவிடப் பெரிய நன்மை காற்றழுத்தத்தில் இருக்கிறது. உலோக உடல் கொண்ட 777இல் உள்ளழுத்தம் 8,000 அடி உயரத்துக்கு நிகரான அளவுவரை குறையலாம். பெரும்பாலும் கார்பன் இழைக் கூட்டுப்பொருளால் ஆன ஏ350இல் அது 6,000 அடி அளவிலேயே நிற்கிறது, ஈரப்பதமும் சற்றுக் கூடுதலாக வைத்திருக்க முடிகிறது. இறங்கும்போது தலைக் கனமும் தொண்டை வறட்சியும் குறைவாக இருப்பதை நான் ஒவ்வொரு முறையும் கவனித்திருக்கிறேன். எமிரேட்ஸும் 2025 ஜனவரியிலிருந்து ஏ350-900 விமானத்தை 3-3-3 அமைப்பில் இயக்கத் தொடங்கியிருக்கிறது என்பதால், இந்த நன்மை இனி ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதாக இருக்காது. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு இடைநில்லாமல் பறக்கும், மிக நீண்ட தூரத்துக்கான ஏ350-900 யூஎல்ஆர் விமானத்தில் எகானமி வகுப்பே கிடையாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பொழுதுபோக்கில் எமிரேட்ஸ் ஒரு படி மேலே. அதன் ஐஸ் என்ற திரைப் பொழுதுபோக்கு அமைப்பில் உள்ள படங்கள், நிகழ்ச்சிகளின் தொகுப்பு மிகப் பெரியது. புதிய எகானமி இருக்கைகளில் 13.3 அங்குலத் திரை இருக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் அதே போன்ற அமைப்பான கிரிஸ்வேர்ல்டின் திரை 11.1 அங்குலம். ஆனால் இணையம் வேண்டுவோருக்குச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மேல்: அதன் பயணிகள் சலுகைத் திட்டமான கிரிஸ்ஃப்ளையரில் உறுப்பினராகச் சேர்ந்திருந்தால் போதும், 2023 ஜூலை முதல் எகானமியிலும் வைஃபை அளவின்றி இலவசம். உறுப்பினராவதற்குக் கட்டணம் இல்லை. எமிரேட்ஸ் அதே போன்ற தன் ஸ்கைவர்ட்ஸ் திட்டத்தின் உறுப்பினர்களுக்கு இலவசமாகக் குறுஞ்செய்திச் செயலிகளைப் பயன்படுத்தும் வசதி தருகிறது. உணவில் பெரிய ஏற்றத்தாழ்வு எனக்குத் தெரியவில்லை.

பயணம் எங்கே பிரிகிறது என்பதை டிக்கெட் எடுப்பவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. சிட்னியிலிருந்து லண்டன் போகிறவரைப் பாருங்கள். எமிரேட்ஸில் முதலில் துபாய்வரை சுமார் 14 மணி நேரம், பிறகு லண்டனுக்கு ஏறக்குறைய 7 மணி நேரம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் முதலில் சுமார் 8 மணி நேரம், பிறகு சுமார் 14 மணி நேரம். மொத்தம் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் நீண்ட பகுதி முன்னே வருகிறதா, பின்னே வருகிறதா என்பதில் உடல்நிலை மாறுகிறது. நான் நீண்ட பகுதி முதலில் வருவதையே விரும்புவேன். களைப்பு சேர்வதற்கு முன் அதைக் கடந்துவிடலாம். 7 மணி நேரப் பறப்பில் இரண்டு முறை உணவு பரிமாறி விளக்கு ஏற்றினால் ஒழுங்கான தூக்கம் வாய்ப்பதில்லை, ஆகவே உறக்கத்தை நீண்ட பகுதியிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். எந்தப் பகுதி நீளமோ அந்தப் பகுதிக்கு எந்த விமானம் என்பதை முதலில் பாருங்கள். குறுகிய பகுதியில் பத்துப் பேர் வரிசை கிடைத்தாலும் சமாளித்துவிடலாம்.

இடையில் காத்திருப்பு நீண்டால் துபாயில் எமிரேட்ஸ், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, தங்கும் அறையும் உணவும் தரும் துபாய் கனெக்ட் என்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறது. முன்னதாகவே ஓர் இணைப்பு விமானம் இருந்தும் நாமே தாமதமானதைத் தேர்ந்தெடுத்தால் அது கிடைக்காது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் சில மணி நேரக் காத்திருப்பு சுலபமாகக் கழியும். மூன்றாம் முனையத்தின் பட்டாம்பூச்சித் தோட்டமே கால் நீட்டி நடக்கப் போதும்.

இரண்டிலும் எகானமியில் கைப்பை 7 கிலோதான். மிக மலிவான கட்டண வகையில் இருக்கையை முன்கூட்டியே தேர்வு செய்யத் தனிக் கட்டணம் உண்டு; ஆன்லைன் செக்-இன் இரண்டிலும் புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்பு திறக்கிறது. அந்த நேரத்தில் இருக்கைப் படத்தை மறுபடியும் திறந்து பார்ப்பது அவசியம். வேறொரு நிறுவனத்தில் ஒன்பது பேர் வரிசை என்று பார்த்துத்தான் நான் ஒருமுறை முன்பதிவு செய்தேன். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு விமானத்தை மாற்றிவிட்டார்கள், ஓர இருக்கையாக நான் எடுத்திருந்தது நடு இருக்கையாகியிருந்தது. ஒரு வார்த்தை தகவல்கூட வரவில்லை. செக்-இன் திறந்த உடனே பார்த்ததால் மட்டுமே வேறு ஓர இருக்கைக்கு மாற முடிந்தது.