ஒரு காலில் ஸ்டென்ட், இன்னொரு காலில் மருந்து பலூன்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

காலில் ரத்தக்குழாய் அடைப்பு இருக்கிற நண்பர் ஒருவர், "ஸ்டென்ட் வைப்பதா, பலூனோடு நிறுத்துவதா?" என்று கேட்டார். எனக்கு இடது தொடையில் ஸ்டென்ட், அதாவது ரத்தக்குழாயைத் திறந்தே வைக்க உள்ளே நிரந்தரமாக வைக்கும் வலைக்குழாய். வலது தொடையில் மருந்து பூசிய பலூனை உள்ளே விரித்து அடைப்பைத் திறந்துவிட்டு வெளியே எடுத்ததோடு சரி. இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஸ்டென்ட்டுக்கு உரிய நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இடது காலில் பலூனை விரித்ததும் குழாயின் உட்சுவர் கிழிந்து பாதையை மறைத்தது. அதைத் தாங்கிப் பிடிக்க நிட்டினால் என்ற உலோகக் கலவையில் செய்த ஸ்டென்ட்டை வைத்தே ஆகவேண்டிய நிலை. ஓரிரு நாளிலேயே கெண்டைக்கால் வலி இல்லாமல் நடந்தேன். அந்தச் சந்தோஷம் உண்மையானது.

அப்புறம்தான் எரிச்சல். இரண்டாம் வருடம் அதே வலி திரும்பியது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் பார்த்தால் ஸ்டென்ட்டுக்கு உள்ளேயே திசு வளர்ந்து பாதை குறுகியிருந்தது. தொடைக்குழாய் சும்மா இருக்கிற குழாய் இல்லை. உட்கார்ந்தால் வளைகிறது, நடந்தால் முறுக்கிக்கொள்கிறது, நீள்கிறது, சுருங்குகிறது. அத்தனை அசைவிலும் உலோகம் சுவரை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சிலருக்கு அதன் கம்பியே முறிவதுண்டு. முழங்காலுக்குப் பின்னால் ஸ்டென்ட் வைக்க மருத்துவர்கள் தயங்குவது இதனால்தான். வேண்டாம் என்று சுலபமாகக் கழற்றிவிடவும் முடியாது! எனக்கு அதற்குள் மருந்து பலூனை விட்டுத்தான் மறுபடி திறந்தார்கள்.

அந்த மருந்து பாக்லிடாக்செல். காயம் ஆறும்போது செல்கள் அளவு மீறி வளர்வதைத் தடுப்பது அதன் வேலை. இதனால் இறப்பு கூடலாம் என்று 2018 டிசம்பரில், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு வந்து பலரைக் கலங்கடித்தது. கூடுதல் தரவுகளைப் பார்த்த அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, அப்படிக் கருத ஆதாரம் இல்லை என்று 2023 ஜூலையில் சொல்லிவிட்டது. பழைய செய்தியைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம்.

வலது காலில் தொடக்கத்தில் அவ்வளவு வேகமான முன்னேற்றம் இல்லை. ஆனால் இன்றுவரை குழாய் திறந்தே இருக்கிறது. சுண்ணாம்பு கெட்டியாகப் படிந்திருந்தால் பலூன் சரியாக விரியாது. அங்கே படிவைச் செதுக்கி எடுக்கும் அதரெக்டமி உதவும். துகள் நழுவிக் கீழே உள்ள குழாயை அடைக்கும் ஆபத்தும் அதில் உண்டு. எனக்கு அது தேவைப்படவில்லை.

இடது காலைக் காப்பாற்றியது ஸ்டென்ட்தான், மறுக்கவில்லை. ஆனாலும் நண்பரிடம் பலூன் என்றுதான் சொன்னேன். சுவர் கிழிந்தாலோ, விரித்த இடம் திரும்பச் சுருங்கினாலோ ஸ்டென்ட் வைக்கட்டும். சும்மா ஒரு பாதுகாப்புக்கு என்றால், ஏன் என்று சிகிச்சை மேசையில் படுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.