படகின் தேக்குத் தளத்தைப் புதிது போல ஆக்கித் தருவதாக யாராவது வந்தால்

மலேசியாவின் லங்காவித் தீவில் கட்டிப்போட்டிருக்கும் என் பாய்மரப் படகு 36 அடி நீளம், 1984இல் செய்தது. உடல் ஃபைபர் கிளாஸ். மேல்தளத்தில் தேக்குப் பலகை பதித்திருக்கிறது. வாங்கியபோதே தளம் சாம்பல் பூத்துக் கிடந்தது. அது என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. வினை அங்கேதான் தொடங்கியது.

ஒருவர் வந்தார். தமிழ் பேசினார், எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. "ஒரு வாரம் கொடுங்கள் அண்ணே, நேற்று இழைத்த பலகை மாதிரி ஆக்கிவிடுகிறேன்" என்றார். 6,500 ரிங்கிட் பேசி, பாதியை முன்பணமாகக் கொடுத்துவிட்டுப் பினாங்குக்குத் திரும்பிவிட்டேன். ஒரு நாளாவது கூட நின்று பார்த்திருக்க வேண்டும்.

திரும்பி வந்தபோது தளம் பொன்னாக மின்னியது. வாயெல்லாம் பல்லாக மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். அவர் படம் எடுத்துக்கொண்டார்.

ஆறு வாரம்தான். பொன்னிறத்தில் கறுப்புத் திட்டுகள் கிளம்பின, தேய்த்தும் போகவில்லை. அடுத்து மழை வந்தது, அறையில் தலையணை மேல் சொட்டியது. மேலே போய் மண்டியிட்டு, பலகைகளுக்கு இடையே அடைத்திருந்த கறுப்பு ரப்பரை நகத்தால் நெம்பினேன். காலணிக் கயிறு போல ஒரு முழத்துக்கு உருவிக்கொண்டு வந்தது. அடியில் தண்ணீர் நின்றது.

பக்கத்துப் படகில் வேலை செய்துகொண்டிருந்த முதிய தச்சர் எட்டிப் பார்த்தார். தளத்தை விரலால் ஒரு முறை தடவியதுமே, கார் கழுவும் பிரஷர் பம்பால் அடித்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். அந்த வேகத்தில் தேக்கின் மென்மையான பகுதி அரித்துக்கொண்டு போய்விடும். கடினமான வரிகள் மட்டும் வரப்பு போல எழுந்து நிற்கும். வரப்பை மறைக்க இயந்திரம் வைத்துத் தேய்த்திருக்கிறார். நங்கூரப் பெட்டியின் மூடிக்கு அடியில், யாரும் கை வைக்காத இடத்தில் பலகையின் கனம் 10 மில்லிமீட்டர், நடைபாதையில் 6. எல்லாப் பழியும் இவர் தலையில் இல்லை, எனக்கு முன்னே வைத்திருந்தவர்களும் தேய்த்திருப்பார்கள். ஆனால் திருகாணித் தலைகளை மூடியிருந்த தேக்கு வில்லைகள் இவர் கை பட்ட பிறகுதான் ஒவ்வொன்றாகக் கழன்றன. அந்தத் துளைகள் வழியாக இறங்கிய நீர் தளத்துக்குள் இருக்கும் பால்சா என்ற லேசான மரக்கட்டையை ஊறவைத்திருக்கிறது. அழகு பார்க்கப் போய் முதலுக்கே மோசம்.

ரப்பர் விஷயம் இதைவிடக் கேவலம். தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு. இடுக்கின் ஓரங்களை அசிட்டோன் கொண்டு துடைக்காவிட்டால் எதுவும் ஒட்டாது. இடுக்கின் அடியில் மெல்லிய நாடா ஒட்ட வேண்டும். அப்போதுதான் ரப்பர் இரண்டு பக்கங்களை மட்டும் பிடித்துக்கொண்டு, மரம் விரிந்து சுருங்கும்போது கிழியாமல் இழுபடும். இவர் இரண்டையும் செய்யவில்லை. பாய் வைக்கும் பெட்டியில் காலிக் குழாய்கள் கிடந்தன: குளியலறைக்கு அடிக்கும் சிலிகான்!

பளபளப்புக்குக் காரணம் ஆளிவிதை எண்ணெய். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது பூஞ்சைக்கு வைத்த விருந்து. சாம்பல் நிறமோ வெயில் தருவது, நோய் இல்லை. கடல்நீரை ஊற்றி, மென்மையான பிரஷால் வரிக்குக் குறுக்காக லேசாகத் தேய்த்தாலே போதும் என்றார் தச்சர். காசே இல்லாத வேலை.

தளத்தைப் பளபளப்பாக்கியவர், மாற்றிய ஒரு பலகைக்கு, பர்மா தேக்கு என்று சொல்லித் தனியாக 450 ரிங்கிட் வாங்கினார். ரசீது இல்லை. மியன்மார் 2014 ஏப்ரலிலேயே தேக்குத் தடிகளை அப்படியே ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. 2021இல் அந்நாட்டு அரசு மர நிறுவனத்தின் மீது அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தன. அந்தப் பெயரைச் சொல்லி விற்பவரிடம் காகிதம் கேளுங்கள். எனக்குப் போட்ட பலகை இப்போதே வில்லாக வளைந்து கிடக்கிறது.

அவரைத் தொலைபேசியில் கேட்டேன். "மரம் என்றால் கறுக்கத்தானே செய்யும் அண்ணே" என்றார். அதற்குப் பிறகு எடுப்பதில்லை.

அன்று எடுத்த படத்தைத்தான் இன்றும் விளம்பரத்தில் போட்டுக்கொண்டிருக்கிறார். பொன்னிறத் தளம், இடது ஓரத்தில் கைப்பிடி உடைந்த நீல வாளி. அந்த வாளி என்னுடையது. இப்போது அது அறைக்குள், சொட்டுக்கு அடியில் இருக்கிறது.