தட்டிப் பார்க்க முடியாத பானை: எங்கள் வலைத்தளத்தோடு மூன்று ஆண்டுகள்

“தட்டிப் பாக்காம யாரும்மா பானை வாங்குவாக?”

2022 ஜனவரியில், எங்கள் மண்பாண்டக் கடைக்கு வலைத்தளம் தொடங்கப் போகிறேன் என்று சொன்னதும் மாமா கேட்டது இதைத்தான். மாமா என்றால் என் மாமனார். மானாமதுரையில் நாற்பது வருடமாகச் சக்கரம் சுற்றுகிறவர். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. சிறுதொழில் செய்கிற யாராவது இப்போது வலைத்தளம் தொடங்கி அதை நாலு பேருக்குத் தெரியவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர்களுக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

தளத்தை வேர்ட்பிரஸ் என்கிற தளம் கட்டும் மென்பொருளில், கடை நடத்த அதோடு சேர்க்கிற வூகாமர்ஸ் வைத்துச் செய்தோம். செய்து கொடுத்தவர் தெரிந்த பையன்தான். ஆனால் தள முகவரியைத் தன் பெயரிலேயே பதிந்துவிட்டார். அடுத்த வருடம் புதுப்பிக்கும் நேரத்தில் அவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போயிருந்தார், போனையும் எடுக்கவில்லை. பதினோரு நாள் தளம் இல்லை. முகவரியும் அதற்கான மின்னஞ்சலும் முதல் நாளிலிருந்தே உங்கள் பெயரில் இருக்கட்டும், மற்றதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

பொங்கல் வாரத்தில் தொடங்கியதும் என் தப்பு. பொங்கல் பானை வேண்டும் என்று அந்த வாரத்தில் கேட்டவர்களுக்கு கூரியரில் போய்ச் சேர்வதற்குள் மாட்டுப் பொங்கலும் முடிந்திருந்தது. கார்த்திகை அகல் விளக்கில் வேறு சிக்கல். ஆர்டர் குவிகிற ஐப்பசியில் இங்கே மழை. பச்சை மண் காயாது, சூளையும் வைக்க முடியாது. அதனால் இப்போதெல்லாம் விளக்குப் பக்கத்தை ஆவணியிலேயே போட்டுவிடுகிறேன். கூகுள் ஒரு பக்கத்தைக் கண்டு வைத்துக்கொள்ளவும் நேரம் வேண்டும், மாமா விளக்குகளைச் சுட்டு அடுக்கவும் நேரம் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாக இருக்கிறது.

முதல் ஆறு மாதம் விளம்பரத்துக்குத்தான் காசு போனது. சமூக ஊடகத்தில் தமிழ்நாடு முழுக்கத் தெரிகிற மாதிரி காசு கட்டினேன். விருப்பக்குறி நிறைய வந்தது, பானை போகவில்லை. ‘அழகு’, ‘அருமை’ என்று எழுதியவர்களில் பாதிப் பேர் அடுப்பில் மண்சட்டி வைத்தே இராதவர்கள். விளம்பரம் வேலை செய்யாது என்று சொல்ல மாட்டேன், யாருக்குக் காட்டுவது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அப்புறம் ஒரு நிறுவனத்திலிருந்து போன் வந்தது. தேடலில் உங்களை முதல் இடத்துக்குக் கொண்டுவருகிறோம், மூன்று மாதத்துக்கு இவ்வளவு என்றார்கள். கட்டினேன். பானைக்குச் சம்பந்தமே இல்லாத எங்கெங்கோ தளங்களில் எங்கள் முகவரியை ஒட்டிவிட்டுப் போனார்கள். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. அதைக் காசு கட்டிய பிறகுதான் படித்தேன்.

நிலைமை மாறியது கூகுளின் சர்ச் கன்சோலைத் திறந்து பார்த்த பிறகு. அதற்குக் காசு கட்ட வேண்டாம். நம் தளம் எந்தெந்தத் தேடலில் வந்தது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று அது காட்டும். பதினாறு மாதக் கணக்கு கிடைக்கும். நான் நினைத்த மாதிரி ‘மண்பானை வாங்க’ என்று தேடி வந்தவர்கள் கொஞ்சம்தான். ‘புது மண்சட்டி பழக்குவது எப்படி’, ‘மண்சட்டி அடியில் விரிசல்’, ‘இண்டக்‌ஷன் அடுப்பில் மண்சட்டி வைக்கலாமா’ என்று தேடியவர்கள்தான் அதிகம். பாதிப் பேர் தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டித் தேடியிருந்தார்கள்.

இதெல்லாம் எங்கள் வீட்டுத் திண்ணையில் தினமும் பேசுகிற பேச்சு. அதை அப்படியே எழுதினேன். சட்டியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போடுங்கள், பிறகு சில நாள் வடிகஞ்சியோ அரிசி கழுநீரோ ஊற்றிச் சிறு தீயில் கொதிக்கவிடுங்கள், சோப்பு போடாதீர்கள், மண் அதை உறிஞ்சிக்கொள்ளும். இண்டக்‌ஷனில் வெறும் மண்சட்டி சூடாகாது, அதற்கு அடியில் காந்தம் பிடிக்கிற உலோகம் வேண்டும். ‘எங்கள் சட்டி இதற்கு ஆகாது’ என்று தளத்தில் போடலாமா என்று வீட்டுக்காரர் தயங்கினார். போட்டேன். இன்றைக்கும் அதிகம் பேர் வருவது இந்த இரண்டு பக்கங்களுக்குத்தான். படித்துவிட்டு அங்கேயே சட்டி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், விளம்பரத்தில் அப்படி நடந்ததில்லை.

சட்டிகளின் பெயரையும் மாற்றினேன். முன்பு ‘பாரம்பரியச் சமையல் பாண்டம், நடுத்தர அளவு’ என்று எழுதியிருந்தோம். யார் அப்படித் தேடுவார்கள்? இப்போது ‘மீன் குழம்புச் சட்டி, 2 லிட்டர், நாலு பேருக்கு’ என்று இருக்கிறது. போட்டோக்கள் போனில் எடுத்தபடியே ஒவ்வொன்றும் 4 எம்பி இருந்தன, பக்கம் திறப்பதற்குள் ஆள் போய்விடுவார். எல்லாவற்றையும் 150 கேபிக்குள் சுருக்கினேன்.

கூகுள் மேப்பில் கடையைச் சேர்த்ததை ஏதோ சில்லறை வேலை என்றே நினைத்திருந்தேன். அஞ்சலட்டையில் வந்த எண்ணைப் போட்டு உறுதி செய்து, திறக்கும் நேரம், சூளைப் படம், வழி எல்லாம் போட்டதோடு சரி. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகிறவர்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். காரில் வருகிறவர்கள் போனில் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்புகிறார்கள். வந்தவர்கள் தட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள், மாமாவுக்கும் நிம்மதி. உண்மையைச் சொன்னால் தளத்தில் ஆர்டர் செய்கிறவர்களைவிட இப்படி நேரில் வருகிறவர்கள்தான் அதிகம். 2023இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊர்ப் பெயர் போட்டுத் தேடுவதும் கூடியது. கடம் கேட்டும் போன் வரும். நாங்கள் கடம் செய்வதில்லை, அது தனி வேலை, சுருதி பார்த்துச் செய்ய வேண்டும். செய்கிற வீட்டு எண்ணைக் கொடுத்துவிடுவேன்.

அனுப்புகிற செலவைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. கூரியரில் எடைக்கு மட்டும் காசு இல்லை, பெட்டி அடைக்கிற இடத்துக்கும் காசு. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பார்கள். 35க்கு 35க்கு 30 பெட்டி என்றால் ஏழு கிலோவுக்கு மேல் கணக்கு வரும், உள்ளே இருக்கும் பானை இரண்டரைக் கிலோதான். காற்றுக்குக் காசு கட்டுகிறோம். அதனால் ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற மூன்று சட்டியை ஒரே அடுக்காக விற்க ஆரம்பித்தோம். நடுவில் வைக்கோல், வெளியே இரட்டைப் பெட்டி. கட்டி முடித்ததும் என் மகன் மாடிப்படியிலிருந்து உருட்டிப் பார்ப்பான். அவனுக்கு இது விளையாட்டு. இருந்தும் உடைகிறது. உடைந்த படம் அனுப்பினால் கேள்வி கேட்காமல் புதுசு அனுப்புகிறோம். அந்தச் செலவை விளம்பரச் செலவாகவே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அப்படி வாங்கியவர்கள்தான் மேப்பில் நல்லபடியாக எழுதுகிறார்கள்.

மாமாவின் கேள்விக்கு வருகிறேன். 2023 நடுவில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா பேசினார். “தம்பி, பானையைத் தட்டிக் காட்டுங்க, சத்தம் கேக்கணும்” என்றார். போனை எடுத்தது என் வீட்டுக்காரர். மாமா முன்னால் போனைப் பிடித்தார். மாமா விரலை மடக்கித் தட்டினார். நன்றாக வெந்த பானை கணீரென்று பேசும், விரிசல் இருந்தால் சத்தம் அடங்கிப்போகும். அந்த அம்மா இரண்டு வாங்கினார். அன்றிலிருந்து எந்தப் பானையை அனுப்பப் போகிறோமோ அந்தப் பானையையே தட்டி, பத்து விநாடி வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுத்தான் பெட்டி கட்டுகிறோம். அதே துண்டுகளை இன்ஸ்டாகிராமிலும் போடுகிறேன். இசை சேர்க்கச் சொன்னார்கள், சேர்க்கவில்லை.

தளத்துக்கு இப்போது ஆண்டுக்கு 4,000 ரூபாய் சொச்சம் ஆகிறது. அது கட்டுபடியாகிறது. காசு கட்டும் விளம்பரத்தைச் சித்திரை, வைகாசியில் மட்டும், தண்ணீர்ப் பானைக்கு, மதுரையைச் சுற்றி மட்டும் வைத்திருக்கிறேன். தளத்திலேயே காசு கட்டி வாங்கும் வசதி கிட்டத்தட்ட சும்மா கிடக்கிறது. வேண்டியதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு வாட்ஸ்அப்பில் வந்து “இது இருக்குங்களா?” என்று கேட்டு, வீடியோ பார்த்து, யுபிஐயில் அனுப்புகிறார்கள். இந்த ஆடியில் அந்தப் பொத்தானை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ‘தட்டிக் காட்டச் சொல்லுங்கள்’ என்று போடப் போகிறேன்.